தழை போட்ட பிள்ளை

செம்மேட்டில் என் தையல் கடைக்கு நேர் எதிரில் அங்கன்வாடி. காலையில் நான் ஷட்டரைத் தூக்கி, மெஷினுக்கு எண்ணெய் விட்டு உட்காரும் நேரமும், நீங்கள் பேரன் பேத்திகளை இழுத்துக்கொண்டு வந்து சேரும் நேரமும் ஒன்று. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கும் என் வயசுதான். முழங்காலில் வலி, கையில் பிளாஸ்டிக் கூடை, இடுப்பில் அலறுகிற பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பாயில் உட்காரவைத்து, பொம்மையைக் கையில் கொடுத்து, அது பொம்மையைக் குனிந்து பார்க்கிற சமயத்தில் நீங்கள் நழுவுகிற அழகு இருக்கிறதே! அப்போது மட்டும் முழங்கால் வலி எங்கே போகிறதோ தெரியவில்லை. ஓட்டப் பந்தயம் வைத்தால் பரிசு நம் மலைக்குத்தான்.

போன வாரம் உங்களில் ஒருத்தி என் கடைக்குள்ளேயே ஓடி வந்து, தொங்குகிற ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "பேசாதடி, பேத்தி எட்டிப் பாக்கறா" என்றாள். நான் பேசவில்லை. வாயில் ஊசி இருந்தது. ஆனால் அன்றைக்குப் பூராவும் எனக்கு அம்மா ஞாபகம்தான். ஒளிந்துகொள்வதில் என் அம்மாவை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். உங்களுக்குப் புத்தி சொல்வதற்காக என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சொன்னால் கேட்கிற ஆட்களா என்ன!

அப்போது நாங்கள் இதே மலையில், தேவனூர் நாட்டு ஊர் ஒன்றில் இருந்தோம். நான் ஐஞ்சாவது படித்தேன். தம்பிக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. பொங்கல் கழிந்து மிளகு பறிப்பு தொடங்கியிருந்த நேரம். மிளகு பறிக்கிற காலத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரமிருக்காது. அப்பா குச்சிக்கிழங்குக் காட்டில், மரவள்ளி பிடுங்க. அம்மா மிளகுத் தோட்டத்தில். இடுப்பில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி நின்றால் பொழுது உச்சிக்கு வரும்வரை இறங்கமாட்டாள். மரம் முழுக்க முசுறு எறும்பு. கடித்தாலும் கையை எடுக்க முடியாது, எடுத்தால் ஆள் கீழே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் கையிலிருந்து பச்சை மிளகு வாசம் அடிக்கும். மூக்கு சுர்ரென்று ஏறும். அந்தக் கையால்தான் எங்களுக்குச் சாமைச் சோறு பிசைந்து போடுவாள். அந்த வருஷம் சோறே காரமாக இருந்த மாதிரி எனக்கு ஞாபகம்.

அதற்கு முந்தின வருஷமெல்லாம் தம்பியைத் தோட்டத்துக்கே தூக்கிப் போய்விடுவாள். மரக்கிளையில் சேலையைக் கட்டித் தூளி போட்டால் தூங்கிவிடுவான். அந்த வருஷம் தூளியிலிருந்து இறங்கக் கற்றுக்கொண்டான். இறங்கியவன் சும்மா இருந்தானா? நேராகப் போய் அம்மா நின்ற ஏணியைப் பிடித்து ஆட்டினான். "நல்லவேளை, மேல கொடியப் புடிச்சுட்டேன்" என்று அம்மா சொன்னாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. ரோட்டோரம் பால்வாடி இருந்தது. தம்பி பால்வாடிக்குப் போக வேண்டும்.

வீட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் ரோடு. ரோட்டில் முதலில் பால்வாடி, அதைத் தாண்டி ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் என் பள்ளிக்கூடம். மிளகுத் தோட்டத்துக்குப் போகிற தடம் பால்வாடிக்குப் பின்னால் பிரியும். அதனால் மூன்று பேரும் சேர்ந்தே இறங்குவோம். வழியெல்லாம் தம்பி சந்தோஷமாக வருவான். பனியில் நனைந்த புல்லை உதைத்துக்கொண்டு, கையில் ஒரு தகர டம்ளரை வைத்து ஆட்டிக்கொண்டு வருவான். பால்வாடி ஓடு கண்ணில் பட்டதும் குரல் மாறும்.

முதல் நாள் அம்மா, "அங்க பாரு சாமி, கொரங்கு!" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். குரங்கு இல்லை. திரும்பினான், அம்மாவும் இல்லை. அவன் வைத்த கூப்பாட்டில் நிஜமாகவே எங்கேயோ இருந்த குரங்குகள் ஓடியிருக்கும். மறுநாள் "அங்க பாரு, பஸ்ஸு!" என்றாள். அவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பார்த்தான். அடுத்த நாள் எதைக் காட்டினாலும் அவன் பார்க்கத் தயாராக இல்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள்வரைக்கும், யாராவது சும்மா "அங்க பாரு" என்றாலே போதும், பக்கத்தில் இருப்பவர் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் கொஞ்சம் இருந்தது என்று அவன் பெண்டாட்டி சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா நழுவிய பிறகு மாட்டுகிறவள் நான். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். பால்வாடி ஆயா வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். ஒன்றைப் பிரித்தால் மற்றதெல்லாம் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் ஆயாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். ஆயா அந்தப் பல் தடத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். "கெட்டிப் பல்லு. கரும்பு நல்லாத் திம்பான்" என்று அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

டீச்சர் அடிவாரத்துக்காரர், சின்ன வயசு. அழுகிற பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். பால்வாடியில் ஒரு மரக்குதிரை இருந்தது. மூன்று கால்தான். நாலாவது காலுக்குப் பதில் ஒரு செங்கல். மற்ற பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொள்ளும். டீச்சர் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தம்பியை அதில் ஏற்றினார். அவன் குதிரையை ஆட்டி ஆட்டி வாசல்வரைக்கும் நகர்த்திக்கொண்டு போய், அங்கே இறங்கி, ரோட்டில் ஓடினான். செங்கல் மட்டும் நடு அறையில் கிடந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கடவுள் வாழ்த்து முடிந்திருக்கும். வாத்தியார் தினமும் வெளியே நிற்கவைப்பார். சிலேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சிலேட்டில் ஒரு மூலை உடைந்திருந்தது. கட்டை விரல் சரியாக அந்த உடைசலில் உட்காரும். எத்தனையோ சாமான்கள் போய்விட்டன, எதற்கும் வருத்தமில்லை. அந்தச் சிலேட்டை மட்டும் யார் எடுத்துப் போனார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளைக்குப் பயம் பிடித்திருக்கிறது என்றார் அப்பா. பால்வாடிக்குப் பின்னால் இருந்த பழைய பலா மரத்தில் ஏதோ இருக்கிறது என்றார் ஆயா. பூசாரியிடம் கூட்டிப் போனோம். அவர் தம்பியை முன்னால் உட்காரவைத்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்து, கை நிறையத் திருநீற்றை எடுத்து மூஞ்சியில் ஊதினார். தம்பி ஒரு தும்மல் போட்டான். பெரிய தும்மல். "தெறிச்சுப் போச்சுங்க! இனிமே பயமில்ல" என்றார் பூசாரி. கறுப்புக் கயிறு கட்டினார். மறுநாள் காலையில் தம்பி புதுக் கயிற்றோடு முன்னைவிட ஓங்கி அழுதான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு தும்மல் பத்தலையாட்டம் இருக்குது" என்றார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒரு சாயங்காலம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"இவன் கத்தறது எனக்கு ஏணி மேல நின்னாலும் கேக்குது கண்ணு. கை நடுங்குது. மிளகு முடியற முட்டும் நீ ஊட்டுல இருந்து பாத்துக்க. அப்புறம் போலாம் பள்ளிக்கூடம்."

'அப்புறம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு ராகி அறுப்புக்கு மட்டும் என்றுதான் நின்றாள். அந்த அறுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் ஆடு ஓட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னலைத் தாண்டிப் போவாள், உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள். எனக்குப் படிப்பு ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. வாய்ப்பாட்டில் பதிமூன்று என்றால் இன்றைக்கும் திணறுவேன். ஆனால் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. "நான் அவனை அழுவாம உட்டுட்டு வாரேன்மா. என்னைய நிறுத்தாத" என்று கெஞ்சினேன். "சரி, பாக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து அம்மா இன்னொரு உத்தியைப் பிடித்தாள். தம்பி எழுவதற்கு முன்னாலேயே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். அவனை எழுப்பி, மூஞ்சி கழுவி, இழுத்துக்கொண்டு போய் விடுகிற வேலை முழுசாக என் தலையில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து வந்து செம்மேட்டில் குடியேறியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் பாரம் சுமந்து வருகிறவர் வழியில் எங்கேயாவது அதை இறக்கிவிட்டுப் போக வேண்டி வந்தால், பக்கத்தில் ஒரு பச்சைத் தழையை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுப் போவார். வாழைத்தாரோ, விறகுக் கட்டோ, தானிய மூட்டையோ, எதுவானாலும் சரி. தழை கிடந்தால் அதற்கு ஆள் உண்டு, திரும்பி வருவார் என்று அர்த்தம். ஒருத்தரும் தொடமாட்டார்கள். தழை காய்ந்து சருகான பிறகும் ஆள் வரவில்லை என்றால் அது கேட்பாரற்ற சாமான். சீக்கிரம் வருகிறவர் கைக்குக் கிடைத்ததை ஒடித்துப் போடுவார். வர நேரமாகும் என்றால் நாவல் மாதிரி கெட்டியான தழையாகப் பார்த்துப் போடுவார்.

ஒரு காலையில் தம்பியை இழுத்துக்கொண்டு இறங்கும்போது பாதையோரம் ஒரு வாழைத்தார் கிடந்தது. மேலே நாவல் தழை. தம்பி நின்றுவிட்டான்.

"அக்கா, இதை யாரு வேண்டாம்னு போட்டுட்டுப் போனாங்க?"

"வேண்டாம்னு போடலடா. தழை கெடக்குது பாரு. ஆளு வந்து எடுத்துக்கும்."

"எப்ப வரும்?"

"தழை காயறதுக்குள்ள வரும்."

"காஞ்சிருச்சுன்னா?"

"காஞ்சிருச்சுன்னா யாரு வேணா எடுத்துக்கலாம். நட, மணி அடிச்சிருவாங்க."

அவன் நடந்தான். டம்ளரை ஆட்டவில்லை. பால்வாடி வாசலில் வழக்கம்போல என் பாவாடையைப் பிடித்தான், நானும் இழுபறிக்குத் தயாராகிக் காலை ஊன்றினேன். அவன் அழவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்து, "எனக்குத் தழை போடு" என்றான்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வந்த பாதையிலேயே திரும்பி ஓடி, நாவல் கொத்து ஒன்றை ஒடித்து வந்து, அவன் சட்டைப் பித்தான் ஓட்டையில் செருகினேன். அப்பாவின் பழைய சட்டையை வெட்டித் தைத்தது அது, ஓட்டையெல்லாம் பெரிசு, கொத்து நன்றாக நின்றது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். "நீ வந்து எடுத்துக்குவியா?" என்றான். "பள்ளிக்கூடம் உட்டதும் வந்து எடுத்துக்குவேன்" என்றேன். உள்ளே போனான். பாயில் உட்கார்ந்தான். ஆயா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நான் அன்றைக்கு ஓடிய ஓட்டம்! கடவுள் வாழ்த்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளும் தழை கேட்க ஆரம்பித்துவிட்டன. ஒன்று கொய்யாத் தழையோடு வரும், ஒன்று காதில் வேப்பங்கொத்து. ஒரு குட்டிப் பெண்ணுக்கு அவள் அப்பா ஆளுயரக் காப்பிக் கிளையையே ஒடித்துக் கொடுத்துவிட்டார், உட்கார இடமில்லை. டீச்சர் முதலில் ஏதோ மலைப் பண்டிகை என்று நினைத்தாராம். ஆயா விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தன் குடையை வாசலில் சாத்தி அதன்மேல் ஒரு தழையைச் செருகி வைத்தார். பிள்ளைகளுக்கு அந்தக் குடையின்மேல் பெரிய மரியாதை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அழுகை நின்றது மட்டும்தான் தெரியும். "கயிறு வேலை செய்யுது" என்று பூசாரிக்கு ஒரு படி சாமை கொடுத்தனுப்பினாள்.

நல்லதாகவே போய்க்கொண்டிருந்தால் கதை எதற்கு? ஒரு காலை கடும் பனி. பொழுது விடிந்ததே தெரியாமல் தூங்கிவிட்டோம். பால்வாடி வாசலுக்கு வரும்போதே வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி கேட்டது. "தழை!" என்றான் தம்பி. நாவல் மரம் பாதையில் பின்னால் போய்விட்டது. வேலியில் ஆயாவின் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. பெரிய இலையாக ஒன்றைக் கிள்ளிச் சட்டையில் செருகிவிட்டு ஓடினேன்.

பூசணி இலை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சமைக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நடந்ததை ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லித்தான் நான் சேர்த்துக்கொண்டேன். உப்புமா போடுகிற நேரத்துக்கு இலை துவண்டு தொங்கிவிட்டது. தம்பி அதைத் தூக்கித் தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கிறான். அப்புறம் அதை எடுத்துப் பாயில் வைத்துவிட்டான். அழவில்லை. அதுதான் வினை. அழுதிருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அந்த நேரம் அன்னாசிப்பழ லாரி ஒன்று ரோட்டில் வந்து நின்றது. லோடு ஏற்றுகிறவர் பால்வாடிப் பானையில் தண்ணீர் குடிக்க வந்தார். தம்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே லாரிவரைக்கும் போய், "தழை காஞ்சிருச்சு. என்னை எடுத்துக்குங்க" என்றான்.

லோடுமேன் கரூர்ப் பக்கத்து ஆள், தழையாவது ஒன்றாவது. டிரைவரின் பையன்போல, கூட வந்திருக்கிறான் என்று நினைத்துத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, மேலே பழத்தின்மேல் ஏறிக்கொண்டார். டீக்கடைக்குப் போயிருந்த டிரைவர் வந்து பார்த்தார். லோடுமேனின் பையன்போல என்று நினைத்து வண்டியை எடுத்தார்.

இங்கே ஆயா தலையை எண்ணிப் பார்த்து, ஒரு தலை குறைய, வைத்த சத்தத்தில் காட்டில் இருந்த அப்பாவும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். யாரோ கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். யாரோ பலா மரத்தின் மேலேயும் பார்த்தார்கள். அம்மா தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். இடுப்புப் பை அவிழ்ந்து வழியெல்லாம் மிளகு கொட்டிக்கொண்டே வந்தது. அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அவனை நினைத்து ஒரு பயம். இனி எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று இன்னொரு பயம். இரண்டும் ஒன்றாகவே வந்தன, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உள்ளே போனேன். பாயில் பூசணி இலை சுருண்டு கிடந்தது.

"அவன் கெணத்துப் பக்கம் போவல. தழை காஞ்சிருச்சுன்னு யாரு கூடவோ போயிட்டான்" என்று கத்தினேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். கடைசியில் ஆயாதான் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அன்னாசி லாரி!" என்றார். அப்பா ரோட்டில் ஓடவில்லை. சரிவில் குறுக்கே இறங்கிப் பாய்ந்தார், லோடு லாரி ஊர்ந்து ஊர்ந்து அத்தனை வளைவையும் சுற்றி வருவதற்குள் கீழே போய் நடு ரோட்டில் கையை விரித்து நின்றார்.

லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தது. தம்பி டிரைவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். முழங்கைவரை அன்னாசிச் சாறு. அம்மா அவனைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைத்து, உடனே அந்த முதுகையே தடவி, கட்டிக்கொண்டாள். டிரைவர் லோடுமேனைக் கை காட்டினார். "ஏனுங்க, சத்தியமா இவரு பையன்னுதான் நெனச்சேனுங்க. கொஞ்சத் தூரம் போனப்புறம் 'இனிமே நான் உங்க ஊட்டுப் பையன்'ங்கறான். எனக்கு நாலும் பொண்ணுங்க. ஒரு வளைவு முட்டும் சந்தோஷமாத்தானுங்க இருந்துச்சு" என்றார். பயந்து நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தழை வெளையாட்டுக் காட்டுனயா? நாளையிலிருந்து நீ ஊட்டுல இரு. இவனைப் பாத்துக்கறதுதான் உனக்குப் பள்ளிக்கூடம்."

டீச்சர்தான் தம்பி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏன் சாமி, அக்கா சாயங்காலம் வந்திருக்கும் இல்ல? ஏன் போன?" என்று கேட்டார்.

"தழை காஞ்சிருச்சு" என்றான்.

"தழை காஞ்சா என்ன? அம்மா வந்து உன்னையக் கூட்டிட்டுப் போவாதா?"

அவன் அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். கோபமில்லை, குறை சொல்கிற தொனியும் இல்லை. "அம்மா எனக்குத் தழையே போடறதில்ல. சும்மா போட்டுட்டுப் போயிரும்" என்றான்.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பாதையில் ஏறினாள். கொட்டிய மிளகைப் பொறுக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அம்மா கூட வந்துகொண்டிருந்த நாட்களில், தம்பியை ஆயாவிடம் பிய்த்துக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தால், சில சமயம் அந்தப் பலா மரத்துக்குப் பின்னால் அம்மாவின் சேலை தெரியும். எப்போதோ தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவள் அங்கேயே நிற்பாள். "போ போ, நேரமாச்சு" என்று கையை ஆட்டி விரட்டுவாள். நான் வழியில் விளையாடாமல் போகிறேனா என்று வேவு பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கண் சிவந்திருந்ததை மிளகுக் காரம் என்று நினைத்தேன். காலையில் ஏது மிளகு? அழுகை அடங்கும்வரை அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடிந்திருக்காது. பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிற தெம்பு அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். ஓடி ஒளிவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டாள். என் கடையில் ஜாக்கெட்டுக்குப் பின்னால் நின்றவளுக்கும் கண் சிவந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தபோது என்னை நிறுத்துகிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை. அம்மா தோட்டத்துக்குப் போகாமல் இருந்தாள். தம்பியை அவளே எழுப்பினாள். அவளே மூஞ்சி கழுவிவிட்டாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை பின்னினாள். இழுத்துப் பின்னியதில் கண் மேலே ஏறியது. நான் ஆடவில்லை, அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்கா, வீட்டில் இருக்கவா, எதற்குப் பின்னுகிறாள்? அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவனை ஆரு பாத்துக்கறது?" என்றார். "நான் கொண்டுபோய் உடறேன். எம் பையனை நாந்தான் உடோணும்" என்றாள் அம்மா. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

மூன்று பேரும் இறங்கினோம். பால்வாடி வாசலில் அம்மா தம்பியை இறக்கிவிட்டாள். மடியிலிருந்து மிளகுக் கொடியின் தழையை எடுத்தாள், வீட்டு மரத்தில் படர்ந்த கொடியிலிருந்தே ஒடித்து வந்திருக்கிறாள். கெட்டி இலை, சாயங்காலமானாலும் வாடாது. அவன் சட்டையில் செருகினாள். அவன் தாடையைப் பிடித்து, கண்ணுக்கு நேரே பார்த்து, "சாமி, நான் மிளகு பறிக்கப் போறேன். பறிச்சு முடிச்சதும் நானே வந்து எடுத்துக்குவேன். இப்பப் போயிட்டு வாரேன்" என்றாள்.

அவன் அழுதான். அழாமல் என்ன செய்வான்? ஆனால் பாவாடையையோ முந்தானையையோ பிடிக்கவில்லை. அழுதுகொண்டே உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, அழுதுகொண்டே கையை ஆட்டினான். அம்மாவும் அழுதுகொண்டே ஆட்டினாள். ஆயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, முன்னாடி ஒண்ணு அழுதுச்சு, இன்னிக்கு ரெண்டா!" என்றார்.

நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக எனக்கு வருகிற உத்தரவு வரும் என்று காத்திருந்தேன். தம்பியைப் பாத்துக்க, தம்பியை அழுவ உடாத, தம்பிக்குத் தண்ணி குடு. முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் கண்ணு நிக்கற? மணி அடிச்சிருவாங்க. பாத்துப் போ. மத்தியானம் சோறு நல்லாச் சாப்புடு. போயிட்டு வா சாமி."

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் யாரோடு போனேன் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. போயிட்டு வா என்று எனக்கு ஒருத்தர் வாசலில் நின்று சொன்னது அன்றைக்குத்தான். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். அம்மா எங்கேயும் ஒளியவில்லை. ரோட்டு நடுவில், எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் மூக்கு ஒழுகுகிறது, கண் ஒழுகுகிறது, விம்மல் நிற்கமாட்டேன் என்கிறது. வாத்தியார் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"என்ன புள்ள, தம்பி மறுபடியும் காணாமப் போயிட்டானா?"

"இல்லீங்க சார். எல்லாரும் இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் போய் உட்கார்ந்து, நன்றாக அழுதேன்.